மணற்கடிகாரங்களின் கோயில்

அன்புள்ள ஐயா,

இத்தாலிய புரோக்ரசிவ் ராக் (நீண்ட, பல பகுதிகள் கொண்ட ராக் இசை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூசெயோ ரோசன்பாக் குழுவின் 'ஸாரதுஸ்த்ரா' ஆல்பத்தைக் கேட்டேன். ஒரே வாரத்தில் ஐந்தாறு முறை. ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்ததுபோல இருக்கிறது. அப்புறம்தான் உறைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டி ஒட்டிய படங்களுக்கு நடுவே முசோலினியின் மார்பளவுச் சிலை. நண்பனிடம் காட்டினேன். "பாசிஸ்டுகளின் பாட்டையா கேட்கிறாய்?" என்றான். அதன்பின் மனம் ஒட்டவில்லை. நான் இதை விரும்பியது தவறா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறில்லை. ஆனால் உங்கள் நண்பரின் கோபத்தைத் தள்ளிவிட்டு இதைக் கேட்காதீர்கள். ஆல்பம் வெளிவந்த 1973-லேயே இத்தாலியில் அந்தக் கோபம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

முசோலினி கொல்லப்பட்டு அப்போது 28 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரில் பியாட்சா ஃபோன்தானாவில் ஒரு வங்கிக்குள் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். முதலில் பழி அராஜகவாதிகள் மேல் விழுந்தது. அதைச் செய்தது நவபாசிஸ்டுகள் என்பது பின்னால்தான் தெளிவானது. 1974 மே மாதம் பிரெஷா நகரில் பாசிச எதிர்ப்புக் கூட்டத்திலேயே குண்டு வெடித்து 8 பேர் போனார்கள். இந்த இரண்டு குண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு ராக் குழு முசோலினியின் சிலையை உறையில் வைக்கிறது, ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயிடமிருந்து பாசிஸ்டுகள் எடுத்துக்கொண்ட 'அதிமனிதன்' என்ற சொல்லை ஒரு பகுதிக்குப் பெயராகவும் இடுகிறது. நான் அன்று மிலானில் மாணவனாக இருந்திருந்தால் அந்த இசைத்தட்டைக் கையால் தொட்டிருக்க மாட்டேன். அரசு வானொலி அவர்களை ஒதுக்கியது, ஆல்பம் விற்கவில்லை, குழுவும் சீக்கிரமே கலைந்தது. எங்களுக்கு அந்த அரசியல் இல்லை என்று அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த உறை ஒரு பிழை. காயம் ஆறாத ஊரில் செய்த பிழை.

சரி, இசைக்கு வருவோம். நான் முதன்முதலில் இதைக் கேட்டது ஒரு நண்பர் பதிந்து கொடுத்த சிடியில். உறை இல்லை, பாடல் பெயர்களும் இல்லை. வீரத்தைப் பாடுகிறார்கள் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. யாரோ எதையோ இழந்துகொண்டே இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, 20 நிமிடத்துக்குச் சற்று மேல், ஐந்து பகுதிகள். கடைசி மனிதன், நேற்றைய அரசன், நன்மை தீமைக்கு அப்பால், அதிமனிதன், மணற்கடிகாரங்களின் கோயில். இவற்றின் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அதிமனிதனுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மணற்கடிகாரங்களுக்கு எட்டு நிமிடம். பாசிசப் பாட்டு என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். இங்கே அதிமனிதன் வந்த வேகத்தில் போய்விடுகிறான், அதற்குப் பிறகு காலம் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் சொன்ன பாறாங்கல் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பங்கு பித் கொர்ராதி வாசிக்கும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு கருவியிலிருந்து. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கிறது. அதில் வயலின்களோ கோரஸோ முன்பே பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு நொடி, அவ்வளவுதான். விரலை எடுக்காவிட்டாலும் ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைத் தொடக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் பல கட்டைகளை அழுத்தினால் மோட்டார் திணறும், சுருதி லேசாக நழுவும். அந்த நழுவல்தான் உங்கள் நெஞ்சில் உட்காருகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கட்டையும் எட்டு நொடி மணற்கடிகாரம் என்று ஒருநாள் உறைத்தபோது அந்தக் கடைசிப் பகுதியின் பெயர் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. அதன் மேல் ஹேமண்ட் ஆர்கனின் உறுமல், என்ஸோ மெரோஞோவின் கிதார், 'லூபோ' கலிஃபியின் கரகரத்த குரல். லூபோ என்றால் ஓநாய். இன்னொரு பக்கத்தில் மூன்று தனிப்பாடல்கள் உண்டு, இயற்கையைப் பற்றிய பாடல் அவற்றில் நல்லது.

நீட்சேயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1943-இல் முசோலினியின் 60-ஆவது பிறந்தநாளுக்கு ஹிட்லர் அனுப்பிய பரிசு நீட்சேயின் முழுத்தொகுப்பு. அந்தப் பெயரில் படிந்த கறை அத்தகையது. ஆனால் 1882-83 குளிர்காலத்தில் நீட்சே இத்தாலியின் வடமேற்குக் கடலோரப் பகுதியான லிகுரியாவில், ரப்பாலோ என்ற ஊரில் தங்கியிருந்தார். அந்தக் கடலோரப் பாதைகளில் நடந்தபோதுதான் தன் நூலின் நாயகன் ஸாரதுஸ்த்ரா தன்னிடம் வந்ததாக எழுதியிருக்கிறார். மூசெயோ ரோசன்பாக் இளைஞர்கள் அதே லிகுரியாவின் மேற்குக் கரைக்காரர்கள். சர்வாதிகாரிகள் எடுத்துக்கொண்டு போன ஒருவனைத் தங்கள் கடற்கரைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள் என்றே நான் இதைக் கேட்கிறேன். உறையில் அதைச் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை.

டிரம்மர் ஜான்கார்லோ கோல்ஸி பிறகு மாத்தியா பஸார் என்ற பாப் குழுவுக்குப் போய், 1978-இல் இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவிலேயே வென்றார். 2015-இல் இறந்தார். கலிஃபி நெடுநாள் காணாமல் போயிருந்துவிட்டு ஜெனோவாவில் இளையவர்களோடு சேர்ந்து ஒரு குழுவில் பாடினார். அவர்களின் முதல் ஆல்பம் 2010-இல் வந்தது. குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இல் தெம்பியோ தெல்லே கிளெஸ்ஸீத்ரே'. அதாவது, மணற்கடிகாரங்களின் கோயில். உங்கள் நண்பரையும் உட்காரவைத்து, உறையைக் காட்டிவிட்டே, அந்த எட்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.