ஒரே படம், இரண்டு ரெண்டரர், இரண்டு விதம்: கேள்வி பதில்

கேள்வி: படத்தைப் பெரிதாக்கினால் சாஃப்ட்வேர் ரெண்டரரில் (சிபியுவே படத்தை வரைவது) கட்டம் கட்டமாக வருகிறது, ஓப்பன்ஜிஎல்லில் (கிராஃபிக்ஸ் கார்டு வரைவது) வழவழவென்று. எது பிழை சார்?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ஒன்று நியரஸ்ட், அதாவது மிக அருகிலுள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுப்பது; மற்றது லீனியர், அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலப்பது. நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி போகும். படம் வரைய உதவும் எஸ்டிஎல் லைப்ரரியில், எஸ்டிஎல் 2-இல் இயல்பு நியரஸ்ட், எஸ்டிஎல் 3-இல் லீனியர். முதலில் எந்த ரெண்டரர் ஓடுகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எஸ்டிஎல் 2-இல் லீனியர் வேண்டும் என்று ஹின்ட் (அமைப்புக் குறிப்பு) கொடுத்தும் மாறவில்லை.

பதில்: டெக்ஸ்சர், அதாவது ரெண்டரரிடம் ஏற்றிய படம், உருவாகும்போதுதான் அந்த ஹின்ட் படிக்கப்படும். பிறகு கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: இரண்டிலும் நியரஸ்ட்தான் வைத்தேன். அப்படியும் சில பிக்சல்கள் நகர்ந்திருக்கின்றன.

பதில்: அப்பாடா, நல்ல கேள்வி. 3 பிக்சலை 5 ஆக்குவோம். வரும் பிக்சலின் எண்ணை (0 முதல் 4 வரை) 3/5-ஆல் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் எடுக்கப்படுபவை 0, 0, 1, 1, 2. பிக்சலின் நடுவிலிருந்து கணக்கிட்டால், அதாவது 0.5 கூட்டிவிட்டுப் பெருக்கினால், 0, 0, 1, 2, 2. இரண்டாவது இருபுறமும் ஒத்திருக்கிறது, பாருங்கள். 16.16 ஃபிக்ஸட் பாயின்ட்டில், அதாவது பின்னத்தை 65536-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்து, ஓடும் லூப் என்றால் இன்னொரு வம்பு: 3/5 என்பது 39321.6, அது 39321 ஆகிவிடும். நீண்ட வரியில் அந்தக் குறை சேர்ந்துகொண்டே போகும். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி 9-இல் பிக்சலின் நடு முழு எண்ணில் இருந்தது, 10-இல் அரைக்கு நகர்ந்தது. அந்த அரை பிக்சலைத் தேடி ஒரு வாரம் தொலைத்தவன் நான்.

கேள்வி: அப்படியென்றால் நடுவை எடுக்காதது தவறுதானே? மிக அருகிலுள்ள பிக்சல் ஒன்றுதான் இருக்க முடியும்!

பதில்: முதல் பாதி சரி, நடுவை எடுப்பதே முறை. இரண்டாவதை ஏற்க மாட்டேன். படத்தைப் பாதியாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு நடுவும் இரண்டு பிக்சல்களின் எல்லையிலேயே விழும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அருகில்தான்.

கேள்வி: அதற்கு ஒரு விதி வைத்துவிட்டால் போயிற்று.

பதில்: வைக்கலாம். ஆனால் ஓப்பன்ஜிஎல்லின் விதிநூலான ஸ்பெக்கே வெவ்வேறு டிரைவர்கள் பிக்சல் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கவில்லை.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடும் சோதனைகளை அப்புறம் எப்படி நம்புவது?

பதில்: நியரஸ்ட் வைத்து 2, 3 என்று முழு மடங்கில் பெரிதாக்குங்கள். மேலே சொன்ன இரண்டு கணக்கும் அங்கே ஒரே விடை தரும். லீனியருக்குச் சிறு வித்தியாசத்தை அனுமதியுங்கள்.

கேள்வி: ஸ்பிரைட் (திரையில் நகரும் சிறு படம்) ஓரத்தில் பக்கத்துப் படத்தின் நிறம் கோடாகத் தெரிகிறது.

பதில்: லீனியர் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும். பல படங்களை ஒன்றாக அடுக்கிய அட்லஸில் ஒவ்வொரு படத்தின் ஓர நிறத்தையும் ஒரு பிக்சல் வெளியே நீட்டி வையுங்கள்.

கேள்வி: எனக்கும் கட்டம் கட்டமாக வருகிறது சார்.

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஒரு கணினியில் மட்டும் கட்டம் கட்டமாக...

பதில்: ரெண்டரர் பெயரை அச்சிட்டீர்களா?

கேள்வி: இல்லை.

பதில்: அச்சிட்டுவிட்டு வாருங்கள்.