மண்டபத்துச் சாவி யாரிடம்?

இந்த மாதம் தபால் பை நல்ல கனம். மாமியார் மருமகள் கடிதங்கள் கொஞ்சம் ஒதுங்கிவிட்டன. பிள்ளைகளுக்காக நகராட்சி என்ன செய்கிறது, நாம் எதைக் கேட்கலாம் என்பதுதான் நிறையப் பேருடைய கேள்வி. நான் ஒரு நகராட்சியில் மண்டபம் பதிவு செய்யும் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். எனவே இந்த முறை கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, என் மகனுக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டதும் அவனும் கூட்டாளிகளும் கடை வாசலில் நிற்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி நகராட்சி மண்டபம் இருக்கிறது, எந்நேரமும் பூட்டு. மைதானத்தில் விளக்கு எரிவதில்லை. கவுன்சிலருக்கு வாட்ஸப் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. யாரைத்தான் கேட்பது?”
— பெயரும் ஊரும் போட வேண்டாம் என்ற ஒரு தாய்

முதலில் எது யாருடைய வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா. நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசியலமைப்பின் அட்டவணைகளிலேயே அது எழுதியிருக்கிறது. உள்ளூர் விளையாட்டு வசதி, பூங்கா, தெருவிளக்கு எல்லாம் நகராட்சியின் பாடு. பள்ளிக்கூடமும் சமூகநல அலுவலரும் மாகாணத்தின் பாடு. போலீஸ் தேசிய அரசுடையது, பெரிய நகரங்களில் மெட்ரோ போலீஸ் மட்டும் நகராட்சிக்குக் கீழே வரும். நூலகம்தான் வேடிக்கை. சட்டப்படி அது மாகாணத்தின் பொறுப்பு, ஆனால் காலையில் கதவைத் திறந்து விளக்குப் போடுவது பெரும்பாலும் நகராட்சி ஆட்கள். இதெல்லாம் தெரியாமல் கடிதம் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் யாரிடமும் நிற்காது. அப்படிச் சுற்றிய கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மண்டபமும் மைதான விளக்கும் நகராட்சியின் கணக்கில் வருபவைதான். ஆனால் ஒன்று, வார்டு கவுன்சிலரால் ஒரு பல்பை மாற்றச் சொல்லிக்கூட நேராக உத்தரவு போட முடியாது. அவர் சபையில் பேசலாம், அதிகாரியை நெருக்கலாம், பட்ஜெட்டில் சேர்க்கப் போராடலாம், அவ்வளவுதான். அதனால் விளக்கு பற்றி முதலில் நகராட்சியின் புகார் பிரிவில் சொல்லி ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். அப்புறம் அந்த நம்பரைப் போட்டுக் கவுன்சிலருக்கு எழுதுங்கள். நம்பர் இருந்தால் அவர் கையில் பிடித்துக் கேட்க ஒரு ஃபைல் கிடைக்கிறது. நம்பர் இல்லாத செய்திக்கு நீல டிக்தான் பதில்.

மண்டபம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். யாரும் பதிவு செய்யவில்லை என்றால் காவலாளி திறக்கமாட்டார். சனி ஞாயிறில் கல்யாணம், கருமாதி, இருபத்தொன்றாம் பிறந்தநாள் என்று அடிதடி. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், புறாக்கள் மட்டும்தான் இருக்கும். பதினாறு வயதுப் பையன் தானே வந்து பதிவு செய்ய முடியாது. பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, வாரம் இரண்டு மதியம், பள்ளித் தவணை முழுக்க என்று ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ வேண்டும் என்று அதிலேயே எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் மேசையில் இருப்பவருக்கு ‘இல்லை’ என்பதுதான் சுலபமான பதில்.

வார்டு கமிட்டி என்று ஒன்று இருப்பது தெரியுமா? 1998-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புச் சட்டப்படி கவுன்சிலர் அதற்குத் தலைவர், அவரோடு 10 பேர் வரை இருக்கலாம். பெண்களுக்கு நியாயமான இடம் வேண்டும், வார்டில் உள்ள பலவகை நலன்களும் அதில் தெரிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பத்தில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கமிட்டியால் பரிந்துரைதான் செய்ய முடியும். ஆனால் அந்தப் பரிந்துரை கவுன்சிலர் வழியாகச் சபைக்குப் போகும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்காரி. 2000 மார்ச் 24-ஆம் தேதி எங்கள் ஊரில் த்ராப் என்ற நைட் கிளப்பில், பள்ளித் தவணை முடிந்த கொண்டாட்டமாகப் பகல் நேர டிஸ்கோ. உள்ளே யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியைப் போட்டுவிட, படியில் நெரிசல். 13 பிள்ளைகள் போய்விட்டார்கள். பிறகு மண்டேலா ஊருக்கு வந்தார், அவர் பெயரிலேயே இளைஞர் மையம் ஒன்று எழுந்தது. பிள்ளைகள் கூடிச் சிரிக்க ஒரு நல்ல இடம் கட்ட இத்தனை சாவு வேண்டியிருந்தது. ‘பசங்களுக்கு எதற்கு ஹால், வீட்டில் இருக்கட்டுமே’ என்று எந்த அண்ணனாவது கமிட்டியில் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

இன்னொன்று, மண்டபம் கிடைத்ததும் நீங்களாகவே பரதநாட்டிய வகுப்பு வைத்துவிட்டு, ‘பையன் வரவே இல்லை’ என்று எனக்கு எழுதாதீர்கள். அவனையே கேளுங்கள். டேபிள் டென்னிஸ் மேசையும் ஒரு ஸ்பீக்கரும் போதும் என்பான். போகட்டுமே.

“நாங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர்கள். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு, தமிழ், மேளம் சொல்லித் தருகிறோம். நகராட்சியிடம் நிதியுதவி கேட்கலாமா?”
— இசிபிங்கோ இளைஞர் குழு

கேட்கலாம், பிள்ளைகளே. ஆனால் அந்தப் பணத்தோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நகராட்சி நிதி நிர்வாகத்துக்கு 2003-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 67-ஆம் பிரிவு உங்களைப் போன்ற வெளி அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியது. செலவுக் கணக்கை மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுக்க வேண்டும். ஆண்டுக் கணக்கை ஆடிட் செய்து ஒப்படைக்க வேண்டும். திருட்டு, மோசடி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒழுங்கான முறை இருக்கிறது என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். முன்பு வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கொடுக்காத குழு என்றால் அத்தோடு சரி. சனிக்கிழமை வகுப்புக்குச் சுண்ணக்கட்டி வாங்க இத்தனை பாடா என்று கேட்பீர்கள். பாடுதான். ஆடிட்டர் கட்டணமே உங்கள் ஆண்டுச் செலவைவிடக் கூடுதலாகிவிடும்.

அதனால் என் யோசனை இது. முதல் வருஷம் பணம் கேட்காதீர்கள், இடம் கேளுங்கள். மண்டபம், நாற்காலி, நூலகத்தின் பின் அறை, இவை நகராட்சியிடம் ஏற்கெனவே இருப்பவை. புதிதாகச் செலவு இல்லாததை ‘சரி’ என்று சொல்ல அதிகாரிக்குக் கை நடுங்காது. அந்த ஒரு வருஷத்தில் வருகைப் பதிவேடு வையுங்கள், குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட ஏற்பாடு செய்யுங்கள். கூடவே, 1997-ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிந்துகொள்ளுங்கள். பதிய முதலில் உங்களுக்குள் ஒரு விதித்தொகுப்பு எழுதியிருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, காசு வாங்கிப் பதிந்து தருகிறேன் என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பதிந்த பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான். பதிவுச் சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அறிக்கையை மறந்துவிடுவார்கள்.

அடுத்த வருஷம் பணம் கேட்கும்போது காலத்தைப் பாருங்கள். நகராட்சியின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் சபைக்கு வந்தாக வேண்டும். அப்படியானால் அதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த கையோடு, உங்கள் கோரிக்கை கவுன்சிலர் கையில் இருக்க வேண்டும். என் மேசைக்கு ஆகஸ்டில்தான் கூட்டம் வரும், சால்வையும் பழத்தட்டுமாக. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்தவருக்கு யார் என்ன பரிமாறுவது?

கடிதம் ஒரு பக்கம் போதும். எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எந்தக் கிழமை, எங்கே, எதற்கு எத்தனை ரேண்ட். ‘மாண்புமிகு’ ஒரு தடவை போட்டால் போதும்.

தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமை பற்றியும் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது 14 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதன் மானியம் முக்கியமாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு. உங்களில் யாராவது கேட்டரிங்கோ அச்சகமோ ஆரம்பித்தால் அங்கே போகலாம், சனிக்கிழமை வகுப்புக்கு அது வழி இல்லை.

“பட்ஜெட் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டு, நாற்காலி நிரப்பத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். இனிமேல் போக வேண்டுமா?”
— சலித்துப்போன ஒருவர்

பாதி உண்மை. அந்தக் கூட்டங்களுக்கு வருபவர்கள் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள்தான், சமூசாவும் தேநீரும் காரணம் என்று என் பேத்தி சொல்வாள். இளைஞர்கள் வராததற்குக் காரணம் எளிது. வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் பள்ளிக்கூடத்தில் இருப்பவன் எப்படி வருவான்?

போகப் பிடிக்கவில்லையா, எழுதி அனுப்புங்கள். வரைவு வெளியானதும் பொதுமக்கள் கருத்தை நகராட்சி கேட்டாக வேண்டும். எழுதி வந்த கருத்தையும் சபை கணக்கில் எடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு நகராட்சி முறைமைகள் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயமும் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. எழுதத் தெரியாதவர் அலுவலக நேரத்தில் போனால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதித் தர ஓர் ஊழியர் இருக்க வேண்டும். கருத்துக் கேட்கும் அறிவிப்பிலேயே இதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தெரு ஆயாவை ஒரு நாள் கூட்டிப் போங்கள். ஆயா சொல்லச் சொல்ல எழுதும் ஊழியருக்கும் கொஞ்சம் உலகம் தெரியும்.

“எங்கள் கோயிலுக்கு இளைஞர்கள் காவடிக்கு மட்டும்தான் வருகிறார்கள். சமூக சேவை செய்ய நகராட்சி கோயில்களுக்கு உதவக் கூடாதா?”
— கோயில் கமிட்டி உறுப்பினர், டோங்காட்

ஐயா, கோபிக்காமல் கேளுங்கள். உதவி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. கோயிலின் பெயரில் பதிவாகி, முக்கியமாக வழிபாட்டுக்கே பயன்படும் சொத்துக்கு நகராட்சி ரேட்ஸ் என்கிற சொத்து வரி போடக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டு சொத்து வரிச் சட்டம் சொல்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற சேவைகளுக்குத்தான் பில். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் ரேட்ஸை நீங்கள் கட்டுவதில்லை என்றால், அந்தச் சலுகைக்கு ஊர் எதையாவது எதிர்பார்ப்பது தப்பா?

நகராட்சி மண்டபம் பூட்டியிருக்கிறது என்று திட்டுகிறோம். உங்கள் கோயில் மண்டபம் திங்கள் முதல் வியாழன் வரை திறந்திருக்கிறதா? 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. கூலியில் மிச்சம் பிடித்துத் தாங்களே பள்ளிக்கூடம் எழுப்பினார்கள், அரசு பாதி உதவி செய்தது. டர்பனில் ஆர்யன் பெனவலன்ட் ஹோம் என்ற இல்லத்தை 1921-லேயே ஆதரவற்றவர்களுக்காக ஆரம்பித்துவிட்டார்கள்.

இளைஞர்கள் வராததற்கு என் கணிப்பு இது. அன்னதானப் பாத்திரம் கழுவவும் கார் நிறுத்த வழிகாட்டவும் மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். கணக்கு நோட்டையும் கமிட்டியில் ஓட்டுரிமையையும் நாமே வைத்துக்கொள்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டதே, அப்போது முதியவர்கள் வீட்டுக்கு வாளி தூக்கியது யார்? அந்தப் பையன்களில் இரண்டு பேரைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். அப்புறம் அவர்கள் கையாலேயே நகராட்சிக்கு எழுதச் சொல்லுங்கள்: கோயில் மண்டபத்தில் தினமும் வீட்டுப்பாட நேரம் நடத்துகிறோம், நூலகத்திலிருந்து புத்தகமும் ஓர் ஊழியரும் வாரம் ஒரு முறை வர முடியுமா என்று.

“எனக்குப் பதினேழு வயது. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன ஆகிவிடும், ஆன்ட்டி?”
— லெனேசியா மாணவன்

ஓட்டுப் போடப் பதினெட்டு ஆக வேண்டும் தம்பி, ஆனால் பதினாறிலேயே பெயரைப் பதிந்து வைக்கலாம். உன்னுடைய ஜோஹன்னஸ்பர்க்கில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று கட்சிக்கு. 2021 நவம்பர் 1-ஆம் தேதித் தேர்தலில் அங்கே 135 வார்டு, மொத்தம் 270 உறுப்பினர்கள். வார்டில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கட்சி சாராதவரும் நிற்கலாம். ஆகவே ஒரு பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போய் நின்றாலே வேட்பாளருக்கு வியர்க்கும், மைதான விளக்கு பற்றி அவரே வந்து பேசுவார்.

உன் வார்டு எண் உனக்குத் தெரியுமா? அதையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.