தம்பியின் பழைய மடிக்கணினி போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "என் மகள் ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சேர்கிறாள். என் தம்பி 2018 முதல் வைத்திருந்த மடிக்கணினியை அவளுக்குத் தருவதாகச் சொல்கிறான். அமைப்புப் பக்கத்தில் 'இன்டெல் ஐ5-8250யூ, 8 ஜிபி' என்று காட்டுகிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது, ஆனால் 120 வெள்ளி கொடுத்தால் ஏற்றித் தருவேன், இல்லாவிட்டால் பை, சுட்டி எல்லாம் சேர்த்து 1,690 வெள்ளிக்குப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். எது நல்லது?"

ஏறாது என்றவரே 120 வெள்ளிக்கு ஏற்றித் தருவதாகச் சொன்னால் சந்தேகம் எழுவது நியாயமே. அந்தக் காலக் கணினிகளில் இருக்கும் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஓராண்டு நீட்டிப்பு ஒன்றை அறிவித்தார்கள் என்றாலும் மூன்றாண்டுப் படிப்புக்கு ஓராண்டு எம்மாத்திரம்? ஆகவே விண்டோஸ் 11 தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து அது முறையாகவே ஏறும். சிறுகோட்டுக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்: 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, உங்களுடைய 8250 எட்டாம் தலைமுறை. பிறகு ஏன் "பொருந்தாது" என்று செய்தி வருகிறது என்றால், டிபிஎம் எனப்படும் பாதுகாப்பு வசதி பல கணினிகளில் உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில் அதை இயக்கிவிடுவது சில நிமிட வேலை; புதுப்பிப்புக்குப் பணமும் இல்லை. அந்தச் சில நிமிடத்துக்குத்தான் 120 வெள்ளி.

இதே வாக்குறுதியை ஏழாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவரிடம் சொன்னால் அது இன்னும் மோசம். சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐத் திணித்துவிடுவார்கள். திரை அழகாக வரும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை, ஏற்ற சில்லுகள் என்று ஒரு பட்டியலை வைத்துக் குப்பைக்கு அனுப்பும் அந்த முடிவு எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுகிறது. இந்த இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு அமைத்துக் கொடுத்ததும் அதுதான்.

எனவே தம்பியின் கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: அது அவர் காசில் வாங்கியதா, அலுவலகம் கொடுத்ததா? வேலை மாறும்போது "நீயே வைத்துக்கொள்" என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன கணினிகள் நம் வீடுகளில் ஏராளம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் அப்படி ஒன்றை என் மேசைக்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கி, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டியதும், அவருடைய மாமா என்றோ விட்டு வந்த நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றி, அலுவலக மின்னஞ்சலைக் கேட்டது. அதற்கு மேல் நகரவில்லை. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தங்கள் பெயரில் பதிந்து வைப்பதுண்டு; இந்தப் பதிவு இயந்திரத்தின் அடையாளத்தோடு அந்நிறுவனத்தின் கணக்கில் இருப்பது. சேமிப்பகத்தைக் கழற்றி வேறு மாட்டினாலும் போகாது. அந்த நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு நீக்கினால்தான் உண்டு. தம்பியுடையது அலுவலகக் கணினி என்றால், கொடுத்துவிட்டோம் என்று எழுத்தில் ஒரு வரியும், பதிவை நீக்கிவிட்டோம் என்ற உறுதியும் வாங்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, தம்பி தன் கோப்புகளை எடுத்துக்கொண்டதும், அவர் பக்கத்தில் இருக்கும்போதே முழுமையாக அழித்து, வீட்டு இணையத்தில் இணைத்துப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. கணினியை மூடிச் சமதளமான மேசையில் வைத்து மூலையை விரலால் அழுத்துங்கள். ஆடினாலோ, தொடுபலகை அழுத்துவதற்கு விறைப்பாக இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். மின்னேற்றாமல் உடனே மாற்றுங்கள். உப்பாவிட்டாலும், இத்தனை ஆண்டு உழைத்த பேட்டரி வகுப்பில் ஒரு நாள் முழுக்கத் தாங்காது. அதற்காகும் செலவு புதிய கணினியின் விலையில் சிறு பங்குதான். நினைவகம் 8 ஜிபி வணிகப் படிப்புக்குப் போதும்.

அலுவலகத்தின் பதில் மார்ச் முடிவதற்குள் வராவிட்டால் புதியதை வாங்கிவிடுங்கள், ஆனால் அந்த 1,690 வெள்ளித் தொகுப்பு வேண்டாம். பை, சுட்டி, வைரஸ் தடுப்புச் சந்தா, கூடுதல் உத்தரவாதம் ஆகியவற்றின் விலையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மாணவரின் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று கல்லூரி தரும் பட்டியலில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றிருப்பது விற்பனையாளர் வாயில் 'கட்டாயம்' ஆகிவிடும். பட்டியலை நீங்களே படியுங்கள். சொல்லும் விலையில் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பணம் கட்டும் நேரத்தில் வரியைத் தனியாகச் சேர்க்கும் கடையில் வாங்காதீர்கள்.

பேட்டரியை மாற்றும்போது அங்கேயே நின்று பாருங்கள். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு, பழையதைக் கடையிலேயே விட்டு வாருங்கள். அதை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.