கிட்டப்பாவுக்கு எத்தனை கட்டை?

அன்புள்ள ஐயா,

குத்தாலத்தில் தாத்தா வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. நாடகப் பாடகர் கிட்டப்பா, நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை, பாகவதர், கலைவாணரும் மதுரமும் பேசிய நகைச்சுவைத் தட்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்ததால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன், பளபளப்பே போய்விட்டது. சூட்கேஸ் மாதிரி வரும் புது பிளேயர் வாங்கி ஓட்டி, போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் கலங்கிவிட்டார்கள். சுருதி ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பார்த்தால், கிட்டப்பாவுக்கு ஆறு கட்டை நிச்சயம் இருக்கும். இனி அப்படி ஒரு குரல் பிறக்குமா? ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் இருவரில் உங்கள் கணக்கில் யார் பெரியவர்? புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்காகப் பத்துத் தட்டுகளின் பட்டியல் ஒன்றும் போடுங்கள்.

எஸ்., குத்தாலம்

அன்புள்ள எஸ்.,

பெட்டியை எடைக்குப் போடாமல் இறக்கி வைத்தீர்களே, அதற்கு முதலில் ஒரு கும்பிடு. நம் பக்கத்தில் வீடு பிரிக்கிற இடமெல்லாம் தேக்கு நிலைக்கும் உத்தரத்துக்கும் விலை பேச ஆள் வந்துவிடுகிறது. பரணில் கிடப்பது மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறிப் போகிறது.

அடுத்தது திட்டு. ஸ்பிரிட்டை யார் எடுக்கச் சொன்னார்கள்? 78 வேகத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, அரக்கையும் கல்மாவையும் சேர்த்து அழுத்தியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். உங்கள் வீட்டு ஊஞ்சல் பலகைக்குப் பாலிஷ் போட்ட ஆசாரி அரக்கை எதில் கரைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் துடைத்து எடுத்தது பூஞ்சையோடு சேர்த்து, ஒலி பதிந்த வரிகளின் மேல்தோலையும். இணையத்தில் ஸ்பிரிட் யோசனை சொல்கிறவர்கள் பின்னாளில் வந்த வினைல் எல்.பி.க்கு, அதாவது பிளாஸ்டிக் தட்டுக்குச் சொல்கிறார்கள். அதைக் கொண்டுவந்து அரக்குத் தட்டில் பிரயோகிக்கக் கூடாது.

கழுவும் முறை இதுதான். டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய மயிர்ப் பிரஷால் வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு வரியை அறுக்கும். நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக்கூடாது, பட்டால் மை ஊறி எழுத்து கலைந்துவிடும். பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு முறை அலசி, நூல் பிரியாத துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளையும். முழுக்கக் காயாமல் காகித உறைக்குள் போட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மறுபடி பூஞ்சை வரும். பழைய உறைகளிலேயே அது குடியிருக்கிறது. புது உறை போடுங்கள், பழையதில் ஏதாவது எழுதியிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அடுக்கும்போது படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள், சாயவும் கூடாது. பத்து அங்குலத் தட்டும் பன்னிரண்டு அங்குலத் தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் பெரியது விளிம்பில் உடையும்.

சூட்கேஸ் பிளேயரைப் பற்றி இன்னொரு திட்டு. அதில் 78 என்று ஒரு பொத்தான் இருக்கிறது, சரி. முள் எது? அந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் எல்.பி.க்கான முள்தான் வரும். அதன் முனை ஏறக்குறைய 25 மைக்ரான். 78 தட்டின் வரி அகலமானது, அதற்கு 75 மைக்ரான் அளவில் முனை வேண்டும். சின்ன முள் வரியின் சுவர்களைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருப்பது எண்பது தொண்ணூறு வருஷத் தூசியும், பழைய எஃகு முள் அரைத்துப் போட்ட பொடியும். நீங்கள் பதிவில் கேட்ட 'சரசர' சத்தத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. முள்ளைத் தாங்கும் உங்கள் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் 78 முள் தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல முள் உள்ள டர்ன்டேபிள் வைத்திருப்பவரிடம் தட்டை எடுத்துப் போங்கள். தாத்தாவின் சாவி கொடுக்கும் பெட்டியும் கிடைத்தால் ஆசையாக ஓட்டிவிடாதீர்கள். அதன் எஃகு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று கணக்கு. தட்டில் உள்ள கல்மாவு முள்ளைத் தேய்த்து முனையை உளி மாதிரி ஆக்கிவிடும், அதே முள்ளை அடுத்த பக்கத்தில் வைத்தால் உளி வரியைச் செதுக்கும்.

யார் பெரியவர் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். காருகுறிச்சியார் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவையும் சீடரையும் தராசில் ஏற்றுவது நம் வேலை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வரி. 'கிட்டப்பாவுக்கு ஆறு கட்டை நிச்சயம் இருக்கும்.' எப்படி நிச்சயம் செய்தீர்கள்? தட்டு என்ன வேகத்தில் ஓடியது என்று பார்த்தீர்களா?

பழைய கலைஞர்களைப் பற்றி நாம் உருகுவதில் பெரும்பகுதி தப்பான வேகத்தில் ஓடிய தட்டைக் கேட்டு உருகுவது. '78' என்பது பின்னால் நிலைத்த பெயர். ஒலிவாங்கி வருவதற்கு முன், குழாய் வாய்க்குள் பாடிப் பதிந்த காலத்தில், 70-க்கும் 80-க்கும் நடுவே எந்த வேகத்திலும் தட்டை வெட்டியிருப்பார்கள். 1925-இல் மின்முறைப் பதிவு வந்த பிறகு 78-ஐ ஒட்டி வந்தது, ஆனாலும் எல்லாத் தட்டும் அச்சாக அதில் நிற்காது. கிட்டப்பா 1933-இல் போய்விட்டார், 28 வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய தட்டுகள் எல்லாமே அதற்கு முந்தியவை. அப்படிப்பட்ட தட்டை, வேகம் பார்க்காத மலிவுப் பெட்டியில் போட்டு, வருவதை அவர் குரல் என்று குழுவில் போட்டுவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி ஒரு ஸ்வர ஸ்தானம் ஏறிவிடும். ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. இரண்டு கட்டை இரண்டரை ஆகும், ஐந்தரை ஆறாகும். 74-இல் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினாலே இது ஏறக்குறைய நடந்துவிடும். சுருதியோடு காலமும் சுருங்கும். 3 நிமிடம் 10 விநாடி ஓட வேண்டிய பக்கம் ஏறக்குறைய 10 விநாடி முன்னதாகவே முடியும். கமகம் அசைய வேண்டிய இடத்தில் நடுங்கும், வேகமாக உருளும் பிருகா உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாடகர் மூச்சு எடுப்பது விக்கல் மாதிரி கேட்கும். இதைக் கேட்டுவிட்டு 'என்ன துரிதம், என்ன குரல்' என்கிறோம். அந்தத் துரிதம் மோட்டாருடையது.

அதனால் முதலில் பிளேயர் பெட்டியின் வேகத்தைப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்து, முள்ளை வரியில் இறக்கிய பிறகு போனில் வீடியோ எடுங்கள். முள்ளின் இழுவையில் வேகம் குறையும் என்பதால் வெறுமனே சுற்றவிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. 10 சுற்றுக்கு 7.7 விநாடி ஆனால் 78 சரி. 7.4 என்றால் பெட்டி 81-இல் ஓடுகிறது.

அது சரியான பிறகுதான் தட்டின் சொந்த வேகத்தைத் தேட முடியும். நாடகப் பாட்டுத் தட்டென்றால் பின்னால் ஹார்மோனியம் இருக்கும், அதுதான் பிடிமானம். தம்புரா செயலி ஒன்றைத் திறந்து ஹார்மோனியத்தின் ஆதார சுருதியோடு சேர்த்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டையில் கச்சிதமாக உட்கார வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கினால் வேகம் தப்பாக இருக்க இடமுண்டு. ஆனால் இதை மட்டும் நம்பவும் முடியாது. சரியாக ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்திருந்தால் ஹார்மோனியம் உங்களைக் காட்டிக் கொடுக்காது, அந்தக் கால ஹார்மோனியப் பெட்டிகளின் சுருதியும் இன்றைய அளவோடு முழுக்கப் பொருந்தாது. அதனால் குரலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேகம் கூடிய தட்டில் 'ச' 'ஸ' ஒலிகள் கூர்மையாகச் சீறும். ஒரே சமயத்தில் பதிந்த இரண்டு மூன்று தட்டுகள் இருந்தால் எல்லாவற்றிலும் சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ராஜரத்தினம் பிள்ளை தட்டுக்கு இன்னும் உறுதியான வழி இருக்கிறது. நாகஸ்வரத்தின் சுருதி உலவின், அதாவது அதன் மரக்குழலின், நீளத்தில் இருக்கிறது. வாயில் வைக்கும் சீவாளியை மாற்றி, அது செருகும் கெண்டையை ஏற்றி இறக்கி, உதட்டால் அழுத்திக் கொஞ்சம் நகர்த்தலாம், அவ்வளவுதான். அவருக்கு முன் பெரும்பாலும் குட்டையான திமிரி நாயனம், நாலு ஐந்து கட்டையில் வாசித்தார்கள். நீளமான பாரி நாயனத்துக்கு, இரண்டு இரண்டரைக் கட்டைக்கு, இறக்கிக் கொண்டுவந்தவர் அவர். நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து சுத்த மத்தியமம் என்ற ஸ்வரத்தைச் சரிசெய்து அந்த வாத்தியத்தை நிலைநிறுத்தினார். அவருடைய தோடி தட்டு உங்கள் பெட்டியில் மூன்று கட்டையில் கேட்டால், தட்டு வேகமாக ஓடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆரம்பகாலத் தட்டில் திமிரியே இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். குத்தாலத்திலிருந்து நரசிங்கம்பேட்டை கூப்பிடு தூரம். நாயனம் செய்கிறவர் ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டினால், எத்தனை கட்டை வாத்தியம் என்று நாதத்தை வைத்தே சொல்வார். திமிரியின் நாதம் வேறு, வேகம் கூட்டிய பாரியின் நாதம் வேறு. பாரியை வேகமாக ஓட்டினால் கட்டை ஏறும், ஆனால் தவிலும் தாளமும் சேர்ந்து தகர டப்பா ஆகிவிடும்.

இதெல்லாம் கைவராது என்று தோன்றினால் கலைவாணர், மதுரம் தட்டிலிருந்து தொடங்குங்கள். சுருதி ஞானமே இல்லாதவருக்கும் பேச்சுக் குரல் பிடிபடும். மனிதர் பேசுகிற மாதிரி இருக்கிறதா, கிளி பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று குழந்தைகூடச் சொல்லும். படத்தில் கேட்ட குரலோடு ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. படம் விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). அதைத் தொலைக்காட்சிக்கும் விசிடிக்கும் 25 சட்டமாக ஓட்டி மாற்றிய பிரதிகளில் சுருதி 4 சதவீதம் ஏறியிருக்கும். பாகவதர் காலத்தில் படத்துக்கு ஒரு தடவையும் தட்டுக்கு ஒரு தடவையும் தனித்தனியாகப் பாடுவதும் உண்டு, இரண்டிலும் சுருதி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வேகம் தெரிந்த பிறகு கணினியில் திருத்தும்போது தயவுசெய்து கவனியுங்கள். ஒலியைத் திருத்தும் ஒடாசிட்டி செயலியில் வேகத்தை மாற்றுவது ஒன்று, காலத்தை அப்படியே வைத்துச் சுருதியை மட்டும் மாற்றுவது இன்னொன்று. எடுக்க வேண்டியது முதலாவது. சுருதியை மட்டும் இறக்கி 'சரிசெய்து' ஏற்றிய பதிவுகள் நிறையப் பார்க்கிறேன். கட்டை சரியாக இருக்கும், பாட்டு பழைய அவசரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், குரலில் ஒரு ரப்பர்த்தன்மை வந்துவிடும். அதைவிடத் திருத்தாமலே விட்டிருக்கலாம். மூலப் பதிவை 24 பிட் வேவ் கோப்பாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் இரைச்சல் நீக்கும் எந்த வித்தையும் வேண்டாம். இரைச்சலோடு சீவாளியின் காற்றும் போய்விடும். பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். போனை ஸ்பீக்கர் முன் நீட்டிப் பதிவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி அப்படி ஒரு குரல் பிறக்குமா என்று கேட்கிறீர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பதால் நாடகக்காரர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். விடிய விடிய பாடிப் பாடித் தொண்டை அதற்குப் பழகியது. மைக் வந்தது, சுருதி இறங்கியது. பிறப்பைப் பற்றிய கேள்வி இதில் எங்கே வருகிறது? கிட்டப்பா பாடியது ஐந்தரைக் கட்டை என்றால், அது ஐந்தரையாகவே கேட்டாலும் மலைப்புத்தான். அதை நாம் ஆறாக்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் பாடியதை அவர் பாடிய இடத்தில் வைத்துக் கேளுங்கள், பிறகு அழுங்கள். நானும் உங்களோடு அழுகிறேன்.

பட்டியல் இப்போது தரமாட்டேன். முதலில் உங்கள் தகரப் பெட்டியில் இருப்பதற்கு ஒரு பட்டியல் போடுங்கள். லேபிளில் உள்ள பெயர், ராகம், கம்பெனி, தட்டு எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லேபிளுக்கும் வரிகளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்த எண் ஒன்று தெரியும். பதிவு நடந்த வரிசைக்கு அதுதான் சாட்சி, லேபிளில் அச்சிட்ட எண் விற்பனைக்குப் போட்டது. இரண்டையும் எழுதி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, அனுப்பி வையுங்கள். விரிசல் விட்ட தட்டு இருந்தால் செலோடேப் ஒட்டாமல், ஓட்டியும் பார்க்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அதையும் பட்டியலில் சேருங்கள்.