மாத்திரை அளவை ஏற்றியும் அம்மாவுக்கு டி.எஸ்.எச். ஏன் குறையவில்லை?

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் அம்மாவின் தைராய்டு மாத்திரையை 50-லிருந்து 75 மைக்ரோகிராமாக ஏற்றியும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு போதாதபோது இது ஏறும்) 11-லேயே நிற்கிறது, இன்னும் ஏற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். காலையில் காபியோடு மாத்திரை, கூடவே கால்சியமும் என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான்.

அந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் என்பது தைராய்டு சுரப்பி தர வேண்டிய டி4 ஹார்மோனேதான். குடலில் கால்சியமோ இரும்புச்சத்தோ அதைப் பிடித்துக்கொண்டால் ரத்தத்தில் சேருவது குறைந்துவிடும். காபியும் அப்படித்தான் கெடுக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள், குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். எழுந்ததும் காபி இல்லாமல் அம்மாவால் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் பழக்கத்தில் உள்ள முறைதான்.

அப்புறம், மூன்று வார டெஸ்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் டி4 பாதியாகவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் புது அளவுக்கு அது நிலைப்பட்டு, டி.எஸ்.எச்.சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி (மூளைக்கு அடியில் இருப்பது) அதைக் குறைக்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். இப்போதே ஏற்றிவிட்டால், மாத்திரை ஒழுங்காகச் சேரத் தொடங்கியதும் அளவு மிஞ்சிப்போகும். 62 வயதில் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் சின்ன விஷயமில்லை. நேரத்தை மாற்றுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, அந்தத் தேதியிலிருந்து 6 வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள். நடுவில் படபடப்போ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.