ஒருமுறை 'வேணாம்' என்றதால் நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. 18 வயதில் சிறப்புக் கல்விப் பள்ளி முடிந்தது. அதன்பிறகு வீடும் கைப்பேசியும்தான். தொண்டூழியர்கள் சனிக்கிழமைகளில் நடத்தும் ஒரு மன்றத்துக்கு அனுப்பினேன். முதல் நாளே 'வேணாம்மா' என்றுவிட்டான். கணவர் 'விட்டுடு' என்கிறார். நடத்துகிறவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், தமிழும் தெரியாது. நம்பி அனுப்பலாமா? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் அந்த 'வேணாம்' எதற்கு என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரைச்சலா, சாப்பாடா, கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டிருந்தாரா? 'பிடிச்சதா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அன்று எடுத்த படங்களை மன்றத்திடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

தமிழ் தெரியாததற்கு வழி உண்டு. ஒரே ஒரு தாள் போதும். 'ஒண்ணுக்கு' என்றால் என்ன, 'போதும்' என்று இருமுறை சொன்னால் உடனே வெளியே அழைத்துப் போக வேண்டும், காரம் ஆகாது, வலிப்பு வந்தால் யாரை அழைப்பது என்றெல்லாம் எழுதுங்கள். தமிழ்ச் சொற்களை உச்சரிக்கிறபடியே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். தொண்டூழியர் ஒருவர் 'தண்ணி வேணுமா?' என்று கேட்டுவிட்டால் உங்கள் மகனுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் என்பது குறையே இல்லை, அவர் வயதை ஒட்டியவர்கள்தானே. என் கவலை வேறு. மாணவர்கள் தேர்வு, தேசிய சேவை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். கழிவறையில் யார் உதவுவார், மருந்து யார் கையில் இருக்கும், தொண்டூழியர் ஒருவரோடு மூடிய அறையில் தனியாக விடுவார்களா, படங்களை யாரிடம் கேட்டு வெளியிடுவார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள்.

ஒருநாள் அவர்கள் உணவங்காடி நிலையத்துக்குப் போகும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எல்லோரையும் மேசையில் உட்கார வைத்துவிட்டு, கேட்காமலே மைலோ வாங்கித் தருகிறார்களா? அல்லது உங்கள் மகனே வரிசையில் நின்று, 'தே ஓ' (பால் இல்லாத தேநீர்) என்று சொல்லி, காசை எண்ணிக் கொடுக்கும்வரை பக்கத்தில் பொறுமையாக நிற்கிறார்களா? பின்னால் நிற்பவர்கள் அவசரப்பட்டாலும் அந்த அரை நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கும் மன்றத்தைத்தான் நான் நம்புவேன். 23 வயதுக்காரரை வாராவாரம் குழந்தைப் பாட்டுக்குக் கைதட்ட வைத்தால் 'வேணாம்' என்பது நியாயமான பதில்தான்.

வாரந்தோறும் அதே நேரத்துக்கு ஒரு மாதமாவது அனுப்பிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரம் போதும். அழைத்துப் போய்விட்டுக் கூட்டிவரும் வேலையைக் கணவரிடம் விடுங்கள். நேரில் பார்த்தால் அவர் எண்ணமும் மாறக்கூடும். மாதம் முடிந்ததும் மகனிடமே மறுபடி கேளுங்கள். அப்போதும் 'வேணாம்' என்றால் அது அவர் முடிவு, மதியுங்கள்.

அதற்காக வீட்டிலேயே முடங்க வேண்டியதில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1962 முதல் இயங்கும் மைண்ட்ஸ் அமைப்புக்கு இளையர் தொண்டூழியப் பிரிவு இருக்கிறது, அவர்கள் வார இறுதி நடவடிக்கைகள் நடத்துகிறார்கள். ஓட்டம், நீச்சல் பிடிக்குமென்றால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் சிங்கப்பூரைக் கேளுங்கள். தெம்பனிசில் 2023ல் திறக்கப்பட்ட எனேபிளிங் சர்விசஸ் ஹப் என்ற, குறைபாடு உள்ளவர்களுக்கான சேவை நிலையத்திலும் பெரியவர்களுக்கான நடவடிக்கைகள் உண்டு. எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் குறைபாடு உள்ளவர்களுக்கு வழிகாட்டும் எஸ்ஜி எனேபல் அமைப்பை அழையுங்கள். பேருந்து, ரயில் சலுகை அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதே அழைப்பில் அதையும் விசாரித்துவிடுங்கள்.