கல்லிலிருந்து கருவி

கேள்வி: ஆதிமனிதரைப் போலக் கல்லைச் சில்லு பெயர்த்துக் கருவி செய்யப் பழக, எங்கள் கடற்கரைக் கற்கள் உதவுமா? – மண்டபம் வாசகர்

பதில்: உங்கள் கரையின் பவளக்கல்லும் மணற்கல்லும் உதவா, அடித்த விசை சீராகப் பரவ, கல் கண்ணாடியைப் போல நுண்மையாக இருக்க வேண்டும். அத்தகைய சிக்கிமுக்கிக் கல் இங்கிலாந்தின் சுண்ணப்பாறைகளில் விளைவது. தூத்துக்குடிப் பக்கத் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) வாழ்ந்த ஆதிமனிதரோ செர்ட் என்னும் நுண்மையான கடினக் கல்லிலும் குவார்ட்சு கல்லிலும் சிறு கருவிகள் செய்தனர். அந்தக் கருவிகளைத் தேடி எடுக்காதீர்கள், அவை தொல்லியல் சான்றுகள்.

தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகமே பழகப் போதும். அடிக்கும் பரப்பும் பக்கப் பரப்பும் சேரும் விளிம்பின் கோணம் 90 பாகைக்குள் இருந்தால்தான் சில்லு பெயரும். கோணம் மீறினால், எத்தனை பலம் காட்டினாலும் விளிம்பு நசுங்குமே தவிரப் பயனில்லை. விளிம்பை அழுத்திச் சிறு சில்லுகளாகச் சீவ, ஆதிமனிதரின் மான்கொம்புக்குப் பதில் செப்புக் கம்பி போதும். மான்கொம்பை வைத்திருப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. கண்காப்பும் கையுறையும் அணிந்து, கல்தூசி நுரையீரலைக் கெடுக்குமாதலால் திறந்தவெளியில் தார்ப்பாய் விரித்து அமருங்கள்; வலை இழுப்போர் வெறுங்காலோடு நடக்கும் மணலில் மட்டும் வேண்டாம்.